எதிரிகள் பட்டியலில் நெறிமுறை

பெங்களூரு அல்சூர்த் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் மென்பொருள் துறையில் இருப்பதாலோ என்னவோ, சிலிக்கான் பள்ளத்தாக்குச் செல்வந்தர்கள் சொல்வதெல்லாம் எங்கள் வட்டாரத்தில் வேதவாக்காகவே பகிரப்படுகிறது. முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசன் தொழில்நுட்ப முன்னேற்றத்தைப் போற்றி 2023 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையோ, தொழில்நுட்ப நெறிமுறை, சமூகப் பொறுப்பு, இடர் மேலாண்மை ஆகியவற்றை எதிரிகளின் வரிசையில் வைத்தது. தவறு நேர்ந்தால் இழப்பு யாருக்கு என்று கேட்பதே பகைமையாகிவிடும் இந்தப் பார்வையை முன்னேற்றத்தின் மீதான நம்பிக்கை என்று என்னால் ஏற்க முடியவில்லை. கணக்குக் கேட்கப்படுவதன் மீதான எரிச்சலாகவே அது எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சிலிக்கான் பள்ளத்தாக்கு முதலீட்டாளரான பீட்டர் தியேல் இன்னும் வெளிப்படையானவர். சுதந்திரமும் மக்களாட்சியும் ஒத்துப்போகும் என்று தாம் இனி நம்பவில்லை என 2009இலேயே எழுதிய அவர் இணைந்து நிறுவிய பலன்டிர் என்ற தரவுப் பகுப்பாய்வு நிறுவனம், அமெரிக்க உளவு, இராணுவ அமைப்புகளின் ஒப்பந்தங்களால் வளர்ந்தது. மக்களாட்சியை நம்பாதவருக்கு மக்களின் வரிப்பணம் மட்டும் கசக்கவில்லை போலும்!

செயலிகள் வழியே உணவு விநியோகம், வாடகை வண்டி போன்ற வேலைகளைச் செய்யும் கிக் தொழிலாளருக்காகக் கர்நாடகம் 2025இல் கொண்டுவந்த நலச் சட்டம், செயலி நிறுவனங்களிடம் நல நிதிக்கான கட்டணம் வசூலிப்பதோடு, தானியங்கி முறைகள் தொழிலாளரின் வேலையை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதை அவர்களுக்குத் தெரிவிக்கவும் கோருகிறது. ஆண்ட்ரீசனின் அறிக்கையைப் பகிரும் நண்பர்கள் இதையும் ஒருமுறை படிக்கலாம்.