நிலவேம்பில் கிடைத்த பிளாஸ்டிக்

எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் ‘காலம் ஓட்டுகிறேன்’ என்றால் வெட்டியாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. இந்தக் காலம் ஆங்கில column. நீளமான கண்ணாடிக் குழாயில் சிலிகா ஜெல் தூளை நிரப்பி, மேலே செடியின் சாற்றை ஏற்றி, ஹெக்சேன் என்ற கரைப்பானில் தொடங்கி எத்தில் அசிட்டேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், கீழே தனித்தனிப் பொருளாகப் பிரிந்து சொட்டுவதை வரிசையாகக் குடுவைகளில் பிடிக்கும் வேலை அது. பொழுதும் அதிலேயே போய்விடும் என்பது வேறு விஷயம்.

நான் ஓட்டிய முதல் காலம் நிலவேம்புக்கு. காய்ந்த இலைத்தூள் ஒரு கிலோவைக் கொட்டும்போது பறந்த தூசியில் அன்றைக்குக் குடித்த டீகூடக் கசந்தது. மெத்தனாலில் ஊறவைத்து வடித்து, கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டரி கருவியில் வற்றவைத்தால் கரும்பச்சையாகத் தார் மாதிரி ஒட்டும். பச்சையை எடுக்கக் கரித்தூள். அப்புறம் பிரித்தெடுத்ததை மெத்தனாலில் கரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனால், காலையில் அடியில் வெள்ளைப் படிகம்! அதுதான் ஆண்ட்ரோகிராஃபோலைடு, அந்தக் கசப்பின் முக்கியப் பொருள், மூலக்கூறு எடை 350. 1911இலேயே கோர்ட்டர் என்பவர் பிரித்துவிட்டதுதான், ஆனாலும் நம் குடுவையில் பார்ப்பது தனி.

ஆசை அதோடு நிற்கவில்லை. முதலில் இறங்கிய குடுவைகளில் நிறமில்லாத எண்ணெய் ஒன்று இருந்தது, கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தட்டில் ஒரே புள்ளி. மூலக்கூறின் கட்டமைப்பை ஊகிக்க உதவும் என்எம்ஆரில் 7.7, 7.5, 4.2 என்று அழகான சிகரங்கள். பென்சீன் வளையம், எஸ்டர் என்று கட்டமைப்பை வரைந்து, புதுச் சேர்மம் என்றே முடிவு கட்டி, அம்மாவிடம் போனில் சொல்லியும்விட்டேன். மூலக்கூறை உடைத்துத் துண்டுகளின் எடையைக் காட்டும் ஜிசி-எம்எஸ்ஸில் உயரமான சிகரம் 149இல் வந்தது. பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “149ஆ? ஹெக்சேனை எதுல பிடிச்சு வச்சிருந்த தம்பி?” என்றார்.

பிளாஸ்டிக் கேனில்.

149 என்றால் தாலேட். பிளாஸ்டிக்கை வளையச் செய்யச் சேர்ப்பது, கரைப்பானில் சுலபமாக இறங்கிவிடும். லிட்டர் கணக்கில் கரைப்பானை வற்றவைக்கிறோமா, மிச்சமெல்லாம் கடைசிக் குடுவையில் வந்து சேர்கிறது. செடியே இல்லாமல் அதே கேனிலிருந்து இரண்டு லிட்டரை வற்றவைத்துப் பார்த்தேன், தட்டில் அதே உயரத்தில் அதே புள்ளி. மூன்று வாரம் போச்சு.

இந்த மூலிகையில் தாலேட் இருக்கிறது என்று சொல்லும் கட்டுரைகள் இன்னமும் வருகின்றன. படிக்கும்போது, செடி இல்லாமல் வெறும் கரைப்பானை வற்றவைத்துப் பார்த்தார்களா என்றுதான் முதலில் தேடுகிறேன். பெரும்பாலும் அந்த வரி இருப்பதில்லை.