யோசுவாவின் போர் அதிகாரங்களை விசுவாசி வாசிப்பது எப்படி?

எரிகோவில் வாலிபர், கிழவர், ஸ்திரீகள் என எல்லாரும் பட்டயத்துக்கு இரையானார்கள் என்கிறது யோசுவா 6:21. அமலேக்கியர் என்ற ஜனத்தை அழிக்கும்படி சவுல் ராஜாவுக்குத் தேவன் பெயரால் 1 சாமுவேல் 15:3-ல் வரும் கட்டளை பால்குடிக்கும் பிள்ளைகளையும் விடவில்லை. இவற்றை வாசித்து மனம் கலங்கினால் அது அவிசுவாசம் அல்ல. சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னவரைப் பின்பற்றுகிறவர்களுக்குக் கலக்கம் வரத்தான் செய்யும்.

யோசுவா 10:36-39-ஐ வாசித்த கையோடு 15:13-15-க்குப் போங்கள். யோசுவா பிடித்த கானானியப் பட்டணங்களான எபிரோனிலும் தெபீரிலும் ஒருவரும் மீதியில்லை என்று முதலில் வருகிறது. ஐந்து அதிகாரம் தள்ளிப் பார்த்தால் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். எபிரோனில் இருப்பவர்களைக் காலேப் துரத்த வேண்டியிருக்கிறது. அமலேக்கியர் கதையும் இதுதான். சவுல் ஜனங்கள் யாவரையும் சங்கரித்தான் என்கிறது 1 சாமுவேல் 15:8. 30-ஆம் அதிகாரத்தில் அதே அமலேக்கியர் தாவீது குடியிருந்த சிக்லாகு பட்டணத்தைக் கொளுத்துகிறார்கள். தாவீது முறியடித்த பிறகும் 400 வாலிபர் ஒட்டகமேறித் தப்புகிறார்கள். வெற்றியை இப்படி மிகைப்படுத்தி எழுதுவது அந்தக் கால ராஜாக்களின் வழக்கம். 1868-ல் கிடைத்த மோவாப் ராஜா மேசாவின் கல்வெட்டு, இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்துபோனது என்கிறது. இஸ்ரவேலோ அதற்குப் பிறகும் இருந்தது.

இதனால் கேள்வி தீராது. செத்தவர்களின் எண்ணிக்கை குறையலாம், கட்டளை அப்படியே நிற்கிறது. கானானியரை நம் உள்ளத்துப் பாவங்களாக 3-ஆம் நூற்றாண்டு வேத விளக்கவுரையாளர் ஓரிகன் விளக்கினார். தியானத்துக்கு அது உதவும், அந்தப் பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு உதவாது. பழைய ஏற்பாட்டையே தள்ளிவிட்ட மார்சியனை ரோமாபுரி சபை 144-ல் விலக்கியது சரிதான். அதைத் தள்ளினால் இயேசு சிலுவையில் ஜெபித்த சங்கீதமும் சேர்ந்தே போய்விடும்.

ஆகவே இயேசு வேதத்தை எப்படி வாசித்தார் என்று பார்ப்பதே எனக்குத் தெரிந்த உறுதியான வழி. நாசரேத்தில் ஏசாயா 61-ஐ வாசித்தவர், 'நீதியைச் சரிக்கட்டும் நாள்' என்று பழிவாங்குதலைச் சொல்லும் பகுதி வருமுன்பே புஸ்தகத்தைச் சுருட்டிக் கொடுத்தார் (லூக்கா 4:18-20). எலியாவைப்போல வானத்து அக்கினியைக் கேட்ட சீஷர்களை அதட்டினார் (லூக்கா 9:54-55). கானானியருக்கு இரங்கவேண்டாம் என்று உபாகமம் 7:2 சொல்லியிருக்க, கானானிய ஸ்திரீ ஒருத்தி 'எனக்கு இரங்கும்' என்று அவர் பின்னாலேயே கூப்பிட்டு வருகிறாள். அவள் மகள் அந்நேரமே சுகமாகிறாள் (மத்தேயு 15:22-28).

பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிப்பவன் பாக்கியவான் என்னும் சங்கீதம் 137:9-ஐக் கட்டளைகளோடு சேர்க்காதீர்கள். நொறுங்கிப்போன சிறைக்கைதிகள் தேவனிடம் கொட்டும் கோபம் அது. முதல் வசனத்திலிருந்தே வாசியுங்கள். இன்றைக்கு வாழும் எந்த ஜனத்தையும் அமலேக்கு என்று அழைக்க இந்த அதிகாரங்களில் அனுமதி கிடையாது. பிரசங்கத்தில் அப்படி ஒரு பேச்சு வந்தால், ஆராதனை முடிந்ததும் போதகரிடமே நேராகக் கேளுங்கள்.