நடுவில் நிற்கும் வெள்ளைப் புள்ளி

பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுத்த முதல் சில வருடங்கள், செல் ஏன் சிறியதாகவே இருக்கிறது என்ற கேள்விக்குக் கரும்பலகையில் கணக்குதான் போட்டேன். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்துக்குப் புறப்பரப்பு 6, கன அளவு 1. பக்கம் 3 செ.மீ. ஆனால் பரப்பு 54, கன அளவு 27. விகிதம் 6-லிருந்து 2-க்கு இறங்கிவிடும். பிள்ளைகள் அப்படியே பரீட்சையில் எழுதினார்கள், மதிப்பெண்ணும் வாங்கினார்கள்.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "விகிதம் குறைஞ்சா செல்லுக்கு என்ன டீச்சர் கெடுதல்?" என்று கேட்டாள். பரப்பு வாசல் மாதிரி, கன அளவு உள்ளே பசியோடு இருக்கிற கூட்டம் மாதிரி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "பாயசத்துல பெரிய ஜவ்வரிசி சரியா வேகலைன்னா நடுவுல வெள்ளையா ஒரு புள்ளி நிக்குமே, அதுவா?" அவள் அம்மா ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலையில் வேலை பார்ப்பவர்.

அதுவேதான். சூடும் தண்ணீரும் வெளியிலிருந்துதான் உள்ளே போக வேண்டும். சின்ன மணிக்கு அது சீக்கிரம் முடிந்துவிடும், பெரிய மணிக்கு நடு பின்தங்கிவிடும்.

மறுநாள் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வாங்கிப் போனேன். எங்கள் பக்கம் அதற்கா பஞ்சம்! 1, 2, 3 செ.மீ. அளவில் துண்டு போட்டு, அயோடின் கரைசலில் சாயங்காலம் வரை ஊறவிட்டு, குறுக்கே வெட்டினோம். மாவுச்சத்து அயோடின் பட்டதும் கருநீலமாகும். மூன்றிலும் சாயம் ஓரத்திலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர்தான் போயிருந்தது. ஆனால் கணக்குப் போட்டால் சின்னத் துண்டில் முக்கால் பங்குக்கு மேல் சாயம் ஏறிவிட்டது. பெரியதில் மூன்றில் ஒரு பங்குதான், மீதி பச்சைக் கிழங்கின் வெண்மை. வெட்டிய முகத்தை ஒவ்வொரு பெஞ்சுக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். அன்று யாரும் நோட்டைத் திறக்கவில்லை.

அப்புறம்தான் நேரக் கணக்கைச் சொன்னேன். எனக்கு இதுதான் விஷயத்தின் உயிர். ஊடுருவிப் போகும் பொருளுக்குத் தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும். ஆக்சிஜன் போன்ற சின்ன மூலக்கூறு தண்ணீரில் 10 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போக ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். 1 மில்லிமீட்டருக்கு எட்டு நிமிடத்துக்கு மேல், 1 சென்டிமீட்டருக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். அதுவரை நடுவில் இருப்பது எப்படி மூச்சு விடும்? நம் சிவப்பணு 7, 8 மைக்ரோமீட்டரோடு நின்றுகொள்வதும், தண்டுவடத்திலிருந்து பாதம் வரை ஓடும் நரம்புச் செல்லின் இழை முடியை விட மெல்லியதாக இருப்பதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றன.

"அப்போ கோழிமுட்டை?" என்று அதே பெண் மடக்கினாள். மஞ்சள்கரு முழுவதும் ஒரே செல்தானே!

"நாளைக்கு ஒண்ணு கொண்டு வா கண்ணு" என்றேன். கொண்டு வந்தாள். கிண்ணத்தில் உடைத்து, மஞ்சள்கருவை மெதுவாகப் புரட்டினோம். மேலே மிளகை விடச் சிறியதாக, வெளிறிய ஒரு புள்ளி வந்து நின்றது. "உயிருள்ள பாகம் இவ்வளவுதான், மத்ததெல்லாம் சேர்த்து வச்ச சாப்பாடு" என்றேன். மூன்றாம் பெஞ்சு வரை இருந்தவர்கள் எழுந்து வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள்.