காலையில் தைராய்டு மாத்திரை, இரவில் கால்சியம்

காவேரிப்பட்டணத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேரின் ரவிக்கை அளவு என் நோட்டில் இருக்கிறது. எனக்கே ஒரு ரவிக்கை தைக்கலாம் என்று அளவெடுத்த அன்றுதான், இடது மார்பின் மேல்பக்கம், அக்குளை ஒட்டி, நாடாவுக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் ஏதோ தட்டுப்பட்டது. வலி இல்லை. விரலால் தள்ளினால் நகரவும் இல்லை. அப்போது எனக்கு வயது 53.

வலிக்கவில்லையே என்று நான்கு மாதம் விட்டுவிட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும். பதினோரு வருடமாக எனக்குத் தைராய்டு சுரப்பு குறைவு. முகம் வீங்கினால் தைராய்டு, முடி கொட்டினால் தைராய்டு, அசதியாக இருந்தால் தைராய்டு. கட்டியையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிட்டேன்.

வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் என் மாமியாருக்கு இரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வரும் பெண், "முப்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள் அக்கா" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். தீபாவளித் துணி குவிந்து கிடக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாம் முறை என் கையிலிருந்த கத்தரியை வாங்கி வைத்துவிட்டு அழைத்துப் போனாள். அவளுக்கு நான் பட்ட கடன் தீராது.

கிருஷ்ணகிரியில் மேமோகிராம், ஸ்கேன், பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வந்தபோது புற்றுநோய், ஹார்மோன் சார்ந்த வகை என்று தெரிந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் சேலத்தில் சிகிச்சை. அறுவை சிகிச்சை, இருபத்தொரு நாளுக்கு ஒன்றாக ஆறு கீமோ, பதினைந்து நாள் கதிர்வீச்சு. தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கும்போதெல்லாம் வாந்தியை அடக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். அதைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது வேறு.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் என் நாத்தனார் வந்திருந்தார். "வருடக்கணக்காக விழுங்கிய தைராய்டு மாத்திரைதான் இப்படிக் கட்டியாக இறங்கியிருக்கிறது" என்றார். நல்ல மனசுக்காரர்தான், ஆனால் அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் முடியவில்லை. ஒருநாள் மருத்துவரிடம் கேட்டே விட்டேன். அவர் அவசரப்படவில்லை. தைராய்டும் பால் சுரக்கும் மார்பும் அயோடினை இழுக்க ஒரே புரதத்தைப் பயன்படுத்துகின்றன, அதனால்தான் இந்த இரண்டு நோய்களுக்கும் தொடர்பு உண்டா என்று நெடுங்காலமாக ஆராய்கிறார்கள் என்றார். டென்மார்க்கில் 1978 முதல் 2013 வரையிலான பதிவுகளைக் கொண்டு, தைராய்டு நோயுள்ள 1,40,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வைச் சொன்னார். சுரப்பு மிகுந்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிடச் சற்றே அதிகம், சுரப்பு குறைந்தவர்களிடம் சற்றே குறைவு. இரண்டுமே சிறிய வித்தியாசம். "உங்கள் மாத்திரை உங்களுக்கு இதைக் கொண்டுவரவில்லை அம்மா, அதை நிறுத்திவிடாதீர்கள்" என்றார். பஸ் நிலையத்துக்கு நடந்துபோகும்போதுதான் அழுதேன்.

கதிர்வீச்சு முடிந்தது. அதன்பின் தினமும் லெட்ரோசோல், புற்றுநோய் திரும்பாமல் இருக்க ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரை. அது எலும்பைத் தேய்க்கும் என்பதால் கால்சியமும் எழுதிக் கொடுத்தார்கள். கீமோவில் இரத்தம் குறைந்திருந்ததால் இரும்புச் சத்து மாத்திரை வேறு. மறக்காமல் இருக்க எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு, காலை ஐந்தரைக்கு ஒரே விழுங்கில் விழுங்கி, கையோடு ராகிக் கூழும் குடித்துவிடுவேன். ஒழுங்காக இருக்கிறேன் என்று பெருமைப்பட்டேன்.

சித்திரை வந்தது. ஊரே வெயிலில் கொதிக்கும்போது நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்திருந்தேன். குரல் கம்மியது. மலச்சிக்கல். ஊசியில் நூல் கோர்க்கவே கை சோர்ந்தது. சிகிச்சை பெற்ற இடத்தில் சொன்னேன். "கீமோ அசதி, போகப் போகச் சரியாகும். தைராய்டை உங்கள் ஊரில் காட்டிக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஊரில் வழக்கமாகப் பார்ப்பவரோ, "முதலில் புற்றுநோய் சிகிச்சை முடியட்டும்" என்றார். இரண்டு கோப்புகள், இரண்டு மருத்துவர்கள். நடுவில் ஒரு உடம்பு இருப்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இந்த ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியில் கிருஷ்ணகிரியில் வேறொரு மருத்துவரிடம் போனேன், என் மகள் வயதுதான் இருக்கும். இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 18.6. தைராய்டு சுரப்பு குறையக் குறைய ஏறும் அளவு அது. முன்பெல்லாம் 3-ஐ ஒட்டியே இருக்கும். மாத்திரையின் அளவைக் கூட்டுவார் என்று நினைத்தேன். அவர், "பையில் இருப்பதையெல்லாம் மேசையில் எடுத்து வையுங்கள்" என்றார். வைத்தேன். எது எந்த நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் ஐந்தரைக்கு என்றேன். கையிலிருந்த பேனாவால் தைராய்டு புட்டியை ஒரு பக்கம் தள்ளினார். கால்சியத்தையும் இரும்பையும் மறுபக்கம் தள்ளினார். இடையில் ஒரு முழ இடைவெளி.

"இவை இரண்டும் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தத்தில் சேர விடாது. நான்கு மணி நேரமாவது தள்ளிச் சாப்பிட வேண்டும். ராகியிலும் கால்சியம் அதிகம், கூழை ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்" என்றார். அளவைக் கூட்டியிருந்தால் என்ன என்று கேட்டேன். மாத்திரையில் இருக்கும் தைராக்சின் தேவைக்கு மேல் போனால் நெஞ்சு படபடக்கும், எலும்பும் தேயும், லெட்ரோசோல் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது என்றார்.

மேசையில் இன்னொரு புட்டியும் இருந்தது. முடி வளரட்டும் என்று மகள் வாங்கித் தந்த பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை. அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். சில இரத்தப் பரிசோதனைகளில் இது தைராய்டு அளவைத் தவறாகக் காட்டிவிடுமாம். அடுத்த பரிசோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொன்னார். நான் அன்றே நிறுத்திவிட்டேன். முடி அதுவாகவே வந்தது, முன்பைவிடச் சுருளாக.

ஆறு வாரம் கழித்து 3.9. மாத்திரை அதே 75 மைக்ரோகிராம்தான். காறை எலும்புக்கு மேலும் எனக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தார்கள். அது கழுத்தை ஒட்டிய இடம் என்பதால், தைராய்டு பிரச்சினையே இல்லாதவர்களுக்கும் சில வருடங்களில் சுரப்பு குறையலாம், பரிசோதனையை விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். இப்போது தைராய்டு புட்டி தலைமாட்டில், தண்ணீர்ச் செம்போடு. கால்சியம் சமையலறையில், இரவுத் தட்டுகளுக்குப் பக்கத்தில். எல்லா மாத்திரையும் நேரத்தோடு எழுதிய ஒரு தாளை இரண்டு கோப்புகளிலும் வைத்திருக்கிறேன்.

சேலத்தில் கதிர்வீச்சுக்கு என்னோடு காத்திருந்த பாலக்கோட்டுப் பெண் போன வாரம் போனில் பேசினாள். அவளுக்கும் தைராய்டு உண்டு. படியேற முடியவில்லை, கீமோ அசதி போகவே மாட்டேன் என்கிறது என்றாள். கால்சியம் எப்போது சாப்பிடுகிறாய் என்று கேட்டேன்.

"காலையில்தான் அக்கா, எல்லாவற்றையும் சேர்த்து."

வியாழக்கிழமை அவளைக் கிருஷ்ணகிரிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எல்லா மாத்திரையையும் பையில் போட்டு எடுத்துவரச் சொன்னேன்.