0.8 வினாடிக்காக வேலை இழந்தவர்

உளவியலின் கதையைப் பாடநூல்கள் 1879-இல் தொடங்குகின்றன. என்னைக் கேட்டால் 1796-இல், வேலையை இழந்த ஓர் எளிய மனிதரிடமிருந்து தொடங்குவேன்.

டேவிட் கின்னிப்ரூக், இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் தலைமை வானியலாளர் நெவில் மாஸ்கெலைனின் உதவியாளர். தொலைநோக்கிக்குள் இருக்கும் மெல்லிய கம்பியை விண்மீன் எப்போது கடக்கிறது என்று குறிப்பது அவர் வேலை. கண் விண்மீனில் இருக்க வேண்டும், காது கடிகாரத்தின் துடிப்பில். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே அது கடந்தால், வினாடியின் பத்தில் ஒரு பங்கு வரை மனத்தாலேயே கணிக்க வேண்டும். நினைத்தாலே தலை சுற்றுகிறது!

அவர் குறித்த நேரம் மாஸ்கெலைனுடையதைவிடப் பிந்தியே வந்தது. எச்சரித்தும் குறையவில்லை, 0.8 வினாடியாக வளர்ந்தது. வேலை போயிற்று. மாஸ்கெலைனின் கணக்குத்தான் சரி என்பதற்கு என்ன சான்று? அன்று யாரும் கேட்கவில்லை.

கால் நூற்றாண்டு கழித்துக் கேட்டவர் கோனிக்ஸ்பெர்க் வானியலாளர் பெஸ்ஸல். தேர்ந்த வானியலாளர்களை ஒப்பிட்டபோது அவர்களுக்குள்ளேயே ஒரு வினாடிக்கும் மேல் வேறுபாடு இருந்தது! அது கவனக்குறைவு அல்ல. கண்டதையும் கேட்டதையும் இணைக்க மனத்துக்கு நேரம் பிடிக்கிறது, அதுவும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. நேரம் பிடிக்கிறது என்றால் அதை அளக்கலாம் அல்லவா? ஜெர்மனியின் லைப்சிக்கில் 1879-இல் வில்ஹெல்ம் வுண்ட் நிறுவிய உளவியல் ஆய்வகத்தில், வினாடியை ஆயிரம் கூறாக்கும் கருவியை வைத்துக்கொண்டு அதைத்தான் அளந்தார்கள்.

கின்னிப்ரூக் 1802-லேயே இறந்துவிட்டார். தன்மேல் தவறில்லை என்று அவரிடம் சொல்ல அப்போது யாரும் இல்லை.