குளிரைக் குறைக்க எட்டு மாதம்

எங்கள் டேட்டா சென்டரின் பி.யூ.இ. 1.95 என்று முதல்முறை கணக்கு வந்தபோது மீட்டரில்தான் கோளாறு என்று நினைத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தாலும் அதே எண். அம்பத்தூரில் உள்ள நடுத்தர அளவு மையம் அது. மின்சாரம், ஏசி இரண்டும் என் பொறுப்பு. கட்டடத்துக்குள் வரும் மொத்த மின்சாரத்தைச் சர்வர்கள் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் வருவதுதான் பி.யூ.இ. எங்களுக்கு மொத்தம் 780 கிலோவாட், அதில் சர்வர்களுக்கு 400. மீதி 380 கிலோவாட்டும் ஏசி, யூபிஎஸ் இழப்பு, விளக்கு என்று கரைந்துகொண்டிருந்தது. கூகுள் தன் மையங்களின் சராசரியாக 1.1 அளவில் ஓர் எண்ணை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அவர்கள் கட்டடத்தையே அதற்கென்று கட்டுகிறவர்கள். வெளிக்காற்றை உள்ளே விட்டுக் குளிர்விக்கலாம் என்றால் சென்னைப் புழுக்கம் அதற்கு இடம் தராது. ஆனாலும் 1.95 மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

முதல் வேலையே தப்பாகச் செய்தேன். சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்று குளிரூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே 2008-லேயே பரிந்துரைத்திருக்கிறது. நாங்களோ ஏசிக்குத் திரும்பும் காற்றையே 20 டிகிரியில் வைத்திருந்தோம். சரி, ஏற்றிவிடலாம் என்று ஒரே இரவில் மூன்று டிகிரி ஏற்றினேன். நள்ளிரவு தாண்டி, மூன்றாம் வரிசையின் ஒரு ரேக்கில், அதாவது சர்வர்களை அடுக்கும் அலமாரியில், மேல்தட்டு சர்வர்கள் 34 டிகிரியைத் தொட்டு அலாரம் அடித்தன. விடிவதற்குள் பழைய நிலைக்கே கொண்டுவந்தேன்.

அறை மொத்தமும் சூடாகவில்லை, அந்த ரேக்கின் மேல்பாதி மட்டும்தான் சூடானது. பின்பக்கம் வெளியேறிய வெந்த காற்று ரேக்கின் தலைக்கு மேலாகவும், சர்வர் இல்லாத வெற்றிடங்கள் வழியாகவும் முன்பக்கம் வந்து மறுபடி உள்ளே போயிருக்கிறது. அதைச் சமாளிக்கத்தான் அறை முழுவதையும் இத்தனை வருடமாக உறைய வைத்திருக்கிறோம்! காற்றைப் பிரிக்காமல் வெப்பநிலையில் கை வைக்கக் கூடாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

காற்று எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க, எங்கள் மூத்த டெக்னீஷியன் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். "ஊதுபத்தி கொளுத்தினா தெரிஞ்சிடும் சார்." நல்ல யோசனைதான். ஆனால் துளிப் புகையைக்கூட உறிஞ்சிக் கண்டுபிடிக்கும் கருவி அங்கே இருக்கிறது. கடைசியில் ஓர் ஈர்க்குச்சி நுனியில் டிஷ்யூ பேப்பரைக் கீற்றாகக் கிழித்து ஒட்டினார். தரையில் கேபிள் ஏறும் ஓட்டை ஒன்றின் மேல் அதைப் பிடித்ததும் கீற்று விறைத்து நேராக நின்றது. தரைக்கு அடியில் வந்து சர்வருக்குப் போகவேண்டிய குளிர்காற்று அங்கே வீணாகப் பீறிட்டுக்கொண்டிருந்தது. அப்படி எழுபதுக்கும் மேல் எண்ணினோம். ரேக்குகளின் பின்பக்கம் சூடான காற்று வரும் சந்தில் நான்கு இடங்களில் துளையிட்ட தரைத்தட்டுகளும் கிடந்தன. எப்போதோ அங்கே நின்று வேலை பார்த்த யாருக்கோ வியர்த்திருக்கிறது, பாவம்.

கேபிள் ஓட்டைகளுக்குப் பிரஷ் அடைப்பு, ரேக்கின் காலி இடங்களுக்கு பிளாங்கிங் பேனல் என்ற மூடுதகடு, சூடான சந்துக்குக் கதவும் கூரையும் என்று இரண்டு மாதம் ஓடியது. முடித்துவிட்டு மீட்டரைப் பார்த்தால் அதே 1.95. மேலாளர் கேட்டார்: "இவ்வளவு செலவு பண்ணியும் எண் அசையலையே?" இதே வேலையில் இறங்குகிறவர்கள் இந்த இடத்தில் மனம் தளரக் கூடாது. அடைப்பது மிச்சம் பிடிக்காது, மிச்சம் பிடிக்க வழிவிடும். விசிறி அதே வேகத்தில் சுற்றினால், ஏசிகளுக்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பும் சில்லர் அதே குளிரில் ஓடினால், மீட்டர் எப்படி இறங்கும்?

விசிறியில்தான் பெரிய லாபம் கிடைத்தது. பத்து ஏசி யூனிட்டில் எட்டு முழு வேகத்தில் ஓடின, இரண்டு சும்மா காத்திருந்தன. இன்னும் இரண்டை நிறுத்தலாம் என்பதுதான் எல்லோருடைய யோசனையும். நான் பத்தையும் ஓட்டச் சொன்னேன், ஆனால் மெதுவாக. விசிறி எடுக்கும் மின்சாரம் வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறும். வேகத்தை 70 விழுக்காடாகக் குறைத்தால் மின்சாரம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்தி ஓட்டிக் காட்டியபோது அறையின் இரைச்சலே தணிந்துவிட்டது. அண்ணன் முதல்முறையாகக் கத்தாமல் பேசினார்.

அந்த அமைதியில்தான் இன்னொன்று காதில் விழுந்தது. ஒரு யூனிட்டுக்குள் தண்ணீர் கொதிக்கும் சத்தம். அது காற்றில் ஈரம் போதவில்லை என்று ஆவி விட்டுக்கொண்டிருக்க, பக்கத்து யூனிட் ஈரம் அதிகம் என்று உறிஞ்சிக்கொண்டிருந்தது. இரண்டின் சென்சாரையும் ஒரே இடத்தில் வைத்தால் ஒன்று ஈரப்பதம் 41 விழுக்காடு என்று காட்டியது, மற்றது 56. எத்தனை வருடம் இப்படி ஒன்றோடொன்று மல்லுக்கட்டினவோ. சென்சார்களைச் சரிசெய்து, ஆவி விடுவதை நிறுத்திவிட்டோம். இந்த ஊரில் அதற்குத் தேவையே வரவில்லை.

அப்புறம்தான் வெப்பநிலை. இம்முறை வாரத்துக்கு ஒரு டிகிரி. திரும்பும் காற்றை விட்டுவிட்டு, சர்வர் முகப்பில் நுழையும் காற்றை அளந்தோம். 25-ஐத் தாண்டக் கூடாது என்பது எங்கள் எல்லை. அதற்கு மேல் போனால் சர்வர்களின் சொந்த விசிறிகள் வேகமெடுத்து, மிச்சம் பிடித்ததை அவையே தின்றுவிடும். வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் அறை 22 டிகிரி என்று எழுதியிருந்ததால், ஒவ்வொருவருக்கும் அவர்கள் ரேக்கின் அளவீட்டை அச்சிட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். இதற்கே இரண்டு மாதம். ஆனால் அதன் பிறகு சில்லர் தண்ணீரை 7 டிகிரியிலிருந்து 11-க்கு உயர்த்த முடிந்தது. ஒரு டிகிரிக்குச் சில்லரின் மின்சாரம் இரண்டு மூன்று விழுக்காடு குறையும்.

எட்டாம் மாதம் மொத்தம் 640 கிலோவாட், பி.யூ.இ. 1.6. மிச்சம் 140 கிலோவாட், வருடத்துக்கு 12 லட்சம் யூனிட்டுக்கும் மேல்.

அடுத்து, யாரும் பயன்படுத்தாமல் ஓடிக்கொண்டிருந்த சர்வர்களைத் தேடிப் பிடித்து, உரியவர்களிடம் கேட்டு அணைத்தோம். சர்வர் சுமை 380 ஆனது, மொத்தம் 614. பி.யூ.இ. 1.62-க்கு ஏறிவிட்டது! "கூடிடுச்சே" என்று மேலாளரிடமிருந்து உடனே போன். வகுக்கும் எண் சிறிதானால் விடை பெரிதாகும் என்று விளக்கி, 26 கிலோவாட் குறைந்ததைக் காட்டினேன். அந்த மாதத்திலிருந்து எங்கள் அறிக்கையில் மொத்தக் கிலோவாட்டை முதல் வரியில் எழுதுகிறோம், பி.யூ.இ.-யை அதற்குக் கீழே.