நைசியா மெட்டைப் பொதுவகத்தில் ஏற்றிய அனுபவம்

எங்கள் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு வாசித்து வருகிறேன். விரலுக்குப் பழகிய பாமாலை (திருச்சபை வழிபாட்டுப் பாட்டு) மெட்டுகளை ஒலிப்பதிவாகவும் இசைக்குறிப்புப் படமாகவும் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஊடகக் கோப்புகளின் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. அங்கே ஏற்றும் ஒரு கோப்பைத் தமிழ் விக்கிப்பீடியா மட்டுமன்றி எந்த மொழி விக்கிப்பீடியாவும் எடுத்துத் தன் கட்டுரையில் பொருத்திக்கொள்ளலாம் என்பதே இந்த வேலையில் என்னை இறக்கிவிட்டது. இதுவரை பதினொரு மெட்டுகளின் கோப்புகள் நிலைத்திருக்கின்றன. நான்கு கோப்புகள் நீக்கப்பட்டன.

நம் சபைகளில் பாட்டை முதலடியால்தான் அறிவோம். ‘தூய, தூய, தூயா! சர்வ வல்ல நாதா’ என்றால் எல்லோரும் பாடிவிடுவார்கள். ஆனால் அந்த மெட்டுக்கு ‘நைசியா’ என்று தனிப்பெயர் உண்டு என்பதைப் பாடகர் குழுவிலேயே சிலர்தான் அறிந்திருக்கிறார்கள். கீர்த்தனைக்கு மேலே ராகமும் தாளமும் குறிப்பதைப்போல, ஆங்கிலப் பாமாலைப் புத்தகங்களில் மெட்டின் பெயரும் அடிகளின் அசைக்கணக்கும் குறிக்கப்பட்டிருக்கும். நைசியாவின் கணக்கு 11.12.12.10, அதாவது நான்கு அடிகளிலும் முறையே அத்தனை அசைகள். சொல் ஒருவருடையது, மெட்டு வேறொருவருடையது, 8.6.8.6 என்ற பொதுவான அளவில் அமைந்த பாட்டு ஒன்றை அதே அளவுள்ள எத்தனையோ மெட்டுகளில் பாட முடியும். ஆகவே கோப்புக்குப் பாட்டின் முதலடியைப் பெயராக வைப்பது பிழை. மெட்டின் பெயர், இசையமைத்தவர், ஆண்டு ஆகிய மூன்றையும் கோப்பின் பெயரிலேயே வைத்துவிட்டால், பிற்காலத்தில் வேறொரு பாட்டுக்கு அதே மெட்டைத் தேடுபவர்களுக்கும் அது கிடைக்கும்.

நீக்கப்பட்ட நான்கும் அண்மைக்காலத்தில் அச்சான ஒரு பாட்டுப் புத்தகத்தின் பக்கங்களை நான் ஸ்கேன் செய்து ஏற்றிய படங்கள். மெட்டு பழையதாக இருந்தால் போதும் என்று எண்ணியிருந்தேன். ஒரே பக்கத்தில் நான்கு உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கக்கூடும் என்பதை அப்போது நான் உணரவில்லை: மெட்டை அமைத்தவருடைய உரிமை, நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் இசைந்து பாடும் ஹார்மனியைப் பின்னாளில் மாற்றி எழுதியவருடைய உரிமை, சொற்களை எழுதியவருடைய உரிமை, அவற்றைத் தமிழாக்கியவருடைய உரிமை. ஒலிப்பதிவென்றால் வாசித்தவரின் உரிமையும் சேர்ந்துகொள்கிறது. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளும், பிரிட்டனில் 70 ஆண்டுகளும் கழிந்த பிறகே படைப்பு யாரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய பொதுவுடைமையாகும். பொதுவகமோ, படைப்பு முதலில் வெளியான நாட்டிலும் அமெரிக்காவிலும் ஒருசேர உரிமை முடிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. நைசியாவை அமைத்த ஜான் பாக்கஸ் டைக்ஸ் 1876இல் இறந்தார். மெட்டும் ஹார்மனியும் 1861ஆம் ஆண்டின் இங்கிலாந்துப் பாமாலைத் தொகுப்பிலேயே வந்துவிட்டன. அந்த வடிவத்தையே வாசித்து, என் பதிவின் உரிமையை நானே முற்றிலும் விட்டுக்கொடுத்துவிட்டால் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் தமிழ்ச் சொற்களைப் பாடிப் பதியவில்லை. என்னிடமுள்ள புத்தகத்தில் மொழிபெயர்த்தவரின் பெயர் குறிக்கப்படாதபோது அவர் இறந்த ஆண்டைக் கணக்கிட வழியில்லை.

பதிவு செய்ததில் எனக்குப் பிடித்த பகுதி முதலடிதான். ‘தூய, தூய, தூயா’ என்ற ஆறு அசைகளும் ச ச க க ப ப என்று ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டாக ஏறுகின்றன. மும்முறை ‘தூய’ என்று சொல்லும்போது மூன்று சுரங்களில் படியேறும் இந்த அமைப்பைவிட, திரித்துவத்தை (தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளை) பற்றிய பாட்டுக்குப் பொருத்தமாக ஒருவர் எழுதியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். வேகமாக வாசித்தால் இந்த ஏற்றம் காதில் தங்குவதில்லை. டி சுரத்தை ஆதாரமாகக் கொண்ட டி மேஜரில், ஒவ்வோர் அடியின் முடிவிலும் சபை மூச்செடுக்கும் அளவு இடைவெளி விட்டு, ஒரே ஒரு சரணத்தை வாசித்தேன். மின்விசிறியின் ஓசையும் விடியற்காலைக் காகங்களும் பதிவில் சேர்ந்ததால் ஐந்து முறை திரும்ப வாசிக்க நேர்ந்தது. இறுதியில் கீபோர்டிலிருந்து நேரடியாகக் கம்பி வழியே கணினிக்குக் கொடுத்து ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்தேன். சுருக்கினாலும் ஒலித்தரம் குறையாத எஃப்எல்ஏசி (FLAC) கோப்பு வடிவில் ஏற்றினேன். மற்றவர்கள் கேட்பதற்கான சிறிய வடிவங்களைப் பொதுவகமே உருவாக்கிக்கொள்கிறது.

இசைக்குறிப்பை மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு மென்பொருளில் எழுதி எஸ்விஜி (SVG) வடிவப் படமாக எடுத்தேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காது என்பதும், பிழையிருந்தால் இன்னொருவர் திருத்த முடியும் என்பதும் இதன் நன்மை. தலைப்பில் இட்ட தமிழ் எழுத்துகள் ஏற்றியபின் வேறு எழுத்துருவுக்கு மாறி இடம் விலகிவிட்டன. ஆகவே படத்தில் சுரங்களை மட்டும் வைத்து, பெயர்களை விளக்கக் குறிப்புக்கு மாற்றினேன்.

இந்தப் பாட்டின் ஆங்கிலச் சொற்களை எழுதிய ரெஜினால்ட் ஹீபர் கல்கத்தாவின் ஆயராக இருந்தவர். 1826 ஏப்ரல் 3 அன்று, திருச்சிராப்பள்ளியில் காலையில் திடப்படுத்தல் ஆராதனையை (திருமுழுக்குப் பெற்றவர்களை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கை) நடத்திவிட்டு நீராடச் சென்ற இடத்தில், தம் 42ஆம் வயதில் உயிர்நீத்தார். அங்குள்ள தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மெட்டு பிறந்தது அதற்கு 35 ஆண்டுகள் கழித்து. தம் சொற்களை இந்த இசையில் அவர் கேட்டதே இல்லை. இதை அறிந்தபிறகு, மெட்டின் கோப்போடு அந்த ஆலயத்தின் படமும் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அனுமதி பெற்று, காலை வெயில் சாயாமல் விழும் நேரத்தில் எடுத்த மூன்று படங்களை, எடுத்த இடத்தின் அமைவிடக் குறிப்போடு ஏற்றியிருக்கிறேன்.

ஆங்கில இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் அமைத்து 1906இல் வெளியான ‘சைனே நோமினே’ மெட்டையும் இதற்கிடையே பதிந்து முடித்துவிட்டேன். அவர் 1958இல் இறந்ததால் இந்தியாவில் உரிமைக்காலம் முடிந்துவிட்டது, அமெரிக்காவிலும் தடையில்லை. ஆயினும் அது பிரிட்டனில் வெளியான மெட்டு, அங்கே 2028 முடியும்வரை உரிமை தொடர்கிறது. பதிவையும் படத்தையும் ‘2029 ஜனவரி 1’ என்று பெயரிட்ட கோப்புறையில் வைத்துவிட்டு, இப்போது வில்லியம் ஹென்றி மாங்க் அமைத்த ‘ஈவன்டைட்’ மெட்டில் டெனர் (ஆண்களின் மேல்) குரலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.